கணினிச் செயலி அளவுக்கு மீறிச் சூடாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி திடீரென்று அணைந்துபோனாலோ விசிறி ஓயாமல் இரைந்தாலோ, "செயலி சூடாகிறது போலிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். சில நேரம் அது சரியாகவே இருக்கும். பல நேரம் குற்றவாளி வேறாக இருக்க, பாவம், செயலியின் மேல் பழி விழுகிறது. (செயலி என்று இங்கே சொல்வது கணினியின் மூளையான சி.பி.யூ. சில்லை.) கீழே உள்ளவை பெரும்பாலும் மேசைக் கணினியை மனதில் வைத்து எழுதியவை. படிக்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: திருகாணியில் கை வைப்பதற்கு முன்னால் வெப்பநிலையை அளந்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். கழற்றிய பிறகு பழைய எண் திரும்பக் கிடைக்காது. அது இல்லாவிட்டால், செய்த வேலை பலன் தந்ததா என்று உங்களால் சொல்லவே முடியாது.

எதை வைத்துச் செயலி சூடாகிறது என்று சந்தேகப்படலாம்?

கடிதம் தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகாது. காணொளி தொகுக்கும்போதோ விளையாடும்போதோ மட்டும் கணினி தள்ளாடும். விசிறியின் இரைச்சல் ஏறும், கூடவே வேகம் இறங்கும். கணினி எதையோ சமாளிக்கப் போராடுகிறது என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவதே நல்ல அடையாளம்.

திடீரென்று அணைந்துபோவது அடுத்தது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, மின்சாரம் போனது போல ஒரே நொடியில் எல்லாம் இருண்டுவிடும். அப்படி அணைந்ததும் உடனே திரும்ப இயக்கிப் பாருங்கள். முதல் முறை இருபது நிமிடம் ஓடியது, இரண்டாம் முறை மூன்றே நிமிடத்தில் அணைகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி இருபது நிமிடம் ஓடுகிறது என்றால், வெப்பம்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கிறது. ஏற்கெனவே சூடேறிய உலோகத்துக்கு இரண்டாம் முறை எல்லையைத் தொட அதிக நேரம் வேண்டியதில்லை அல்லவா!

வெப்பநிலையை எங்கே பார்ப்பது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும், செயலியின் வெப்பநிலை தெரியாது. அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். எச்.டபிள்யூ.இன்ஃபோ, கோர் டெம்ப், எச்.டபிள்யூ.மானிட்டர் ஆகியவை வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. நான் எச்.டபிள்யூ.இன்ஃபோவையே பரிந்துரைப்பேன். இப்போதைய அளவு, குறைந்தது, அதிகபட்சம், சராசரி என்று நான்கையும் பக்கம் பக்கமாகக் காட்டும், கோப்பாகப் பதிவும் செய்யும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்.எம்.சென்சார்ஸ் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால் போதும்.

அந்தத் திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். மிரள வேண்டாம், நமக்கு வேண்டியவை நான்கே நான்கு. முதலாவது, செயலியின் மொத்த வெப்பநிலை. இன்டெலில் 'சி.பி.யூ. பேக்கேஜ்' என்றும், ஏ.எம்.டி.யில் 'டிகன்ட்ரோல்', 'டிடை' என்பதற்கான சுருக்கக் குறிகளோடும் இருக்கும். இரண்டாவது, செயலியின் வேகம். மூன்றாவது, அது இழுக்கும் மின்சாரம், வாட்டில். நான்காவது, வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதற்கு 'ஆம், இல்லை' என்று பதில் சொல்லும் வரி. வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு வாட்டைப் பார்க்காமல் விடுவது பலரும் செய்யும் பிழை. 60 வாட்டில் 95 டிகிரி தொடும் செயலிக்கும் 200 வாட்டில் 95 டிகிரி தொடும் செயலிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

எத்தனை டிகிரி வரை கவலைப்பட வேண்டாம்?

எல்லாச் செயலிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு செயலிக்கும் அதன் நிறுவனமே ஓர் உச்ச வரம்பை அறிவித்திருக்கிறது. அந்த வரம்பை எட்டியதும் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அண்மைக்கால இன்டெல் மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ் செயலிக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலிக்கு 89, ரைசன் 7000 வரிசையில் மற்றவை பலவற்றுக்கு 95. உங்கள் செயலியின் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் விவரப் பட்டியலில் அந்த எண் இருக்கும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொதுவாகச் சொன்னால், கணினி சும்மா இருக்கும்போது 30 முதல் 50 டிகிரி, விளையாட்டின்போது 60 முதல் 80, எல்லாக் கோர்களும் (செயலிக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பகுதிகள்) முழுமூச்சாக உழைக்கும்போது 80 முதல் 90 என்றிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ரைசன் 7000 வரிசை 2022இல் வந்தபோது, முழுப் பளுவில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்பது அந்தச் செயலிகளின் இயல்பான வடிவமைப்பு என்று ஏ.எம்.டி. வெளிப்படையாகவே சொன்னது. இடம் கிடைக்கும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், வெப்ப வரம்பில் வந்து நிற்கும்படி அவை அமைக்கப்பட்டுள்ளன. பழைய கணினியின் எண்களை மனதில் வைத்துக்கொண்டு புதிய செயலியைப் பார்த்தால் வீண் பதற்றம்தான் மிஞ்சும்.

அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை ஒரு டிகிரி கூடினால் செயலியும் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். 22 டிகிரி அறையில் 75 காட்டிய கணினி, 35 டிகிரி அறையில் 88 காட்டினால் அதில் எதுவும் பழுதாகவில்லை.

உலாவியைத் திறந்த நொடியிலேயே 45லிருந்து 65க்குத் தாவுகிறது. பழுதா?

இல்லை. சென்சார் இருப்பது சிலிக்கனுக்கு உள்ளேயே. ஒரு கோர் நொடிப்பொழுது உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்பினாலும் அது பதிவாகிவிடும். இன்றைய செயலிகள் எல்லாமே இப்படித் துள்ளும்.

முறையாகச் சோதிப்பது எப்படி?

கணினியை இயக்கிப் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் விடுங்கள். அறை வெப்பநிலை, செயலியின் வெப்பநிலை, வாட் மூன்றையும் எழுதுங்கள். பிறகு எச்.டபிள்யூ.இன்ஃபோவில் பதிவை முடுக்கிவிட்டு, செயலிக்கு முழுப் பளு தரும் சினிபென்ச் மென்பொருளின் பத்து நிமிடச் சோதனையை ஓடவிடுங்கள். பிரைம்95 இதைவிடக் கடுமையானது. அதன் 'ஸ்மால்' வகைச் சோதனை அன்றாட வேலை எதுவும் தராத அளவுக்குச் செயலியைப் பிழிந்தெடுக்கும் என்பதால், பழுதிருக்குமோ என்று சந்தேகப்படும் கணினியில் முதலிலேயே அதை ஓட்ட வேண்டாம்.

சோதனை ஓடும்போது கணினியை விட்டு எழுந்து போகாதீர்கள். 5ஆம் நொடி, 30ஆம் நொடி, 2ஆம் நிமிடம், 5ஆம் நிமிடம், 10ஆம் நிமிடம் என்று வெப்பநிலையைக் குறியுங்கள். முடிந்ததும் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, எண் எப்படி இறங்குகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி ஒரு நிமிடத்தை யாருமே எழுதுவதில்லை. எனக்கோ பாதி விடையை அதுதான் சொல்லியிருக்கிறது.

எழுதிய எண்களை எப்படிப் படிப்பது?

உச்ச எண்ணைவிட, வெப்பம் அந்த உச்சத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வெப்பம் போகும் வழியை எண்ணிப் பாருங்கள். சிலிக்கனில் பிறக்கிறது. அதன் மேலுள்ள உலோக மூடிக்கு வருகிறது. மூடிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசிய தெர்மல் பேஸ்ட் எனும் பசையைக் கடந்து, ஹீட் சிங்கின் (செயலியின் மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கும் உலோகத் தொகுதி) அடித்தட்டுக்குப் போகிறது. அங்கிருந்து தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கும், கடைசியில் கேபினட் எனும் கணினிப் பெட்டியை விட்டு அறைக்கும் செல்கிறது. இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் அடைப்பு. அடைப்பு சிலிக்கனுக்கு அருகில் என்றால் வெப்பம் நொடிகளில் ஏறும். அறைக்கு அருகில் என்றால் நிமிடக் கணக்கில் மெல்ல ஏறும்.

ஓர் எடுத்துக்காட்டு. சும்மா இருக்கையில் 44. சோதனை தொடங்கிய 5ஆம் நொடியில் 91. 10ஆம் நொடியில் 100, வேகக் குறைப்பு 'ஆம்'. அப்போது வாட் வெறும் 70. ஹீட் சிங்கைத் தொட்டுப் பார்த்தால் லேசான கதகதப்புதான். சோதனையை நிறுத்திய இரண்டே நொடியில் 58க்கு விழுகிறது. இங்கே வெப்பம் ஹீட் சிங்குக்கு வந்து சேரவே இல்லை. பேஸ்ட் காய்ந்திருக்க வேண்டும், அல்லது ஹீட் சிங்க் சரியாக அமரவில்லை, திரவக் குளிர்விப்பான் (நீரைச் சுழற்றிக் குளிர்விக்கும் வகை) என்றால் பம்ப் நின்றிருக்கிறது. தூசு தட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

வேறொரு கணினி. 5ஆம் நொடியில் 66, இரண்டாம் நிமிடத்தில் 78, ஐந்தாம் நிமிடத்தில் 88, பத்தாம் நிமிடத்தில் 96, இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் 80க்கு விழுந்து, அங்கிருந்து மெதுவாகத்தான் இறங்குகிறது. ஹீட் சிங்க் கொதிக்கிறது. அதாவது வெப்பம் ஹீட் சிங்குக்கு ஒழுங்காக வந்துவிட்டது, அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. தூசு, ஓடாத விசிறி, மூச்சடைத்த கேபினட், இவற்றில் ஒன்று. இதற்குப் பேஸ்ட் மாற்றுவது வீண் வேலை.

முதல் நிமிடத்தில் 80க்கு ஏறி, பிறகு 83, 84 என்று ஒரே மட்டத்தில் நின்றுவிட்டால் கணினி நலமாக இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாட் கட்டுப்பாடே இல்லாமல் ஓடும் உயர்ரகச் செயலிகள் நல்ல குளிர்விப்பான் இருந்தாலும் நொடிகளில் வரம்பைத் தொடும். அதனால்தான் வாட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். 220 வாட் இழுக்கும் செயலி சில நொடியில் 95க்குப் போவது பழுதுக்கு அடையாளம் ஆகாது.

ஹீட் சிங்க் நன்றாகத்தானே பொருந்தியிருக்கிறது. கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லையே?

என் தங்கையின் கணினியிலும் தெரியவில்லை. பாடம் கேட்கும்போது ஓடும், படங்களைத் தொகுக்கத் தொடங்கினால் அணைந்துவிடும். பழுது பார்த்தவர் ஒருவர் விண்டோஸை மீண்டும் நிறுவினார், ராமை மாற்றினார். இரண்டும் பலிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சும்மா இருக்கையிலேயே 62 டிகிரி. பளு ஏற்றிய நான்காவது நொடியில் 98. ஹீட் சிங்கின் மேல் விரலை வைத்தேன், சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சிதான் காட்டிக்கொடுத்தது.

நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஊன்றுகளை அழுத்திப் பொருத்தும் வகை ஹீட் சிங்க் அது. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்த்தேன். மூன்று அசையவில்லை. ராமுக்கு அருகில் இருந்த நான்காவது, கையோடு வந்துவிட்டது. ராமை மாற்றியபோது இடறியதா, ஆரம்பத்திலேயே பூட்டவில்லையா, தெரியாது. ஹீட் சிங்கின் ஒரு விளிம்பு நூலளவு தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நூலளவுக் காற்று போதும், வெப்பத்துக்குக் கதவடைத்துவிடும். பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று பூட்டியதைக் காதால் கேட்டு உறுதி செய்தேன். சும்மா இருக்கையில் 38, முழுப் பளுவில் 74. அன்றிலிருந்து ஒரு நாளும் அணையவில்லை.

இந்த வகை ஊன்று உங்கள் கணினியில் இருந்தால், முடியுமானால் மதர்போர்டின் பின்புறத்தையும் பாருங்கள். நான்கு வெள்ளை நுனிகளும் ஒரே அளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும், ஒவ்வொன்றின் நடுவிலும் கருப்பு ஆணி இறங்கியிருக்க வேண்டும். திருகாணி வகை என்றால் நான்கையும் சிறிது சிறிதாக, குறுக்குமறுக்காக இறுக்குங்கள். புதிதாக வாங்கிப் பொருத்திய ஹீட் சிங்க் என்றால், அடித்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்றும் பாருங்கள். அனுபவசாலிகளும் அதை மறப்பதுண்டு.

தூசை எப்படி எடுப்பது?

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, இயக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தையும் போக்கிக்கொள்ளுங்கள்.

விசிறியின் இறக்கைகளைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று பலர் மூடிவிடுகிறார்கள். உண்மையான அடைப்பு விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் இருக்கிறது. விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி விரித்தது போல ஒரு படலம் இருக்கும். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினால் துண்டாகவே உரிந்து வரும். அவ்வளவு நாளும் விசிறி அந்தத் துணியின் மேல்தான் ஊதிக்கொண்டிருந்தது, தகடுகளின் மேல் அல்ல.

காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்தே அடியுங்கள், சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் தெறிக்கும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது வரம்பு மீறிச் சுழன்றால் அச்சு கெடும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை உள்ளே கொண்டுபோக வேண்டாம், அதன் குழாய் நுனியில் நிலைமின்சாரம் சேரும். கேபினட்டின் முன்பக்கத் தூசு வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே திரும்ப மாட்டுங்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றினால் எவ்வளவு குறையும்?

பழைய பேஸ்ட் உண்மையிலேயே காய்ந்து வெடித்திருந்தால் 10, 20 டிகிரிகூடக் குறையலாம். நல்ல நிலையில் இருந்தால் எதுவும் மாறாது. விலை உயர்ந்த பேஸ்ட்டுக்கும் சாதாரணப் பேஸ்ட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சில டிகிரிகளோடு முடிந்துவிடுகிறது. எந்தப் பேஸ்ட் என்பதைவிட எப்படி இடுகிறோம், எவ்வளவு சமமாக இறுக்குகிறோம் என்பதில் கவனம் வையுங்கள்.

கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் பளுவில் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுக்கக் கூடாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகை மதர்போர்டுகளில், செயலியைப் பிடித்திருக்கும் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே செயலி ஹீட் சிங்கோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும். அதன் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய ஊசிகள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் தலைவலிதான்.

இரண்டு பரப்புகளையும் 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு கண்ணாடி போலத் துடையுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும், ஹீட் சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திரவ உலோக வகைப் பேஸ்ட்டை வீட்டில் முயல வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

திரவக் குளிர்விப்பான் வைத்திருக்கிறேன். பம்ப் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பளு ஏற்றிய சில நிமிடங்களுக்குப் பிறகு இரண்டு குழாய்களையும் தொடுங்கள். பம்ப் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கதகதப்பில் இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும், நீரை ஆற்றும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால் நீர் சுழலவில்லை. பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன் இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) மென்பொருளிலோ பம்பின் சுழற்சி எண் பூஜ்யமா என்றும் பாருங்கள். பல ஆண்டுகள் ஓடிய குளிர்விப்பானில் கொப்பளிக்கும் ஓசை கேட்டால் நீர்மட்டம் குறைந்து காற்று புகுந்திருக்கக்கூடும்.

கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்தால் போதாதா?

சோதனைக்கு அருமையான வழி, தீர்வு அல்ல. மூடியைத் திறந்து அதே பத்து நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். 8, 10 டிகிரி குறைந்தால் கேபினட்டின் காற்றோட்டம்தான் குறை. முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்கிறதா, பின்பக்கத்தது வெளியே தள்ளுகிறதா என்று ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். கணினி மேசையின் மூடிய அறைக்குள் இருந்தால் வெளியே எடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். திறந்தும் ஓரிரண்டு டிகிரிதான் குறைகிறது என்றால் கேபினட்டை விட்டுவிடுங்கள்.

எதுவும் செய்யாதபோதே 70 டிகிரி காட்டுகிறது. ஏன்?

முதலில் அது உண்மையிலேயே எதுவும் செய்யவில்லையா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் செயலிப் பயன்பாட்டை வரிசைப்படுத்துங்கள். 2, 3 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 40 சதவீதம் நின்றால் யாரோ பின்னணியில் உழைக்கிறார்கள். விண்டோஸ் புதுப்பிப்பு, கோப்புகளைப் பட்டியலிடும் தேடல் சேவை, வைரஸ் தடுப்பானின் சோதனை ஆகியவை சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓயாமல் ஓடும், பெயர் விளங்காத செயல்முறை இருந்தால் கவனியுங்கள். கிரிப்டோ நாணயம் தோண்டும் தீநிரல்கள் அப்படித்தான் ஒளிந்திருக்கும், டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சில அடங்கியும்விடும். சந்தேகம் இருந்தால் முழு வைரஸ் சோதனை நடத்துங்கள்.

பயன்பாடு 2 சதவீதம், வாட்டும் குறைவு, அப்படியும் 70 என்றால் மேலே சொன்ன ஹீட் சிங்க் கதைதான்.

பயாஸ் திரையில் 55 டிகிரி, விண்டோஸில் 38. எது பொய்?

இரண்டும் உண்மை. பயாஸ் திரையில் இருக்கும்போது மின்சேமிப்பு வசதிகள் முழுமையாக வேலை செய்வதில்லை, செயலி ஓய்வெடுக்காமல் விழித்தே இருக்கிறது.

127 டிகிரி என்று ஒரு வரி காட்டுகிறது!

மதர்போர்டில் எதனோடும் இணைக்கப்படாத சென்சார் வரி அது. 127, கழித்தல் 55 போன்ற எண்கள் ஆடாமல் அசையாமல் நின்றால் பொருட்படுத்த வேண்டாம். 2017இல் வந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளில் வேறொரு குழப்பம் உண்டு. விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காக உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டியே அவை அறிவிக்கும். பழைய மென்பொருளில் பார்த்தால் அந்த 20ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை 75ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் அணைகிறது. இப்போது என்ன செய்வது?

செயலியின் மேலுள்ள சந்தேகத்தை விட்டுவிடுங்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். அணைவதற்கு முந்தைய நொடியில் செயலி 72 டிகிரியில் இருந்தால் வெப்பத்தால் அணைந்திருக்க வழியில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும், பலர் அதைக் கண்டு ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதைவிடப் பயனுள்ளது, 'கெர்னல் பிராசஸர் பவர் 37' என்ற பதிவு. செயலியின் வேகத்தைக் கணினியின் ஃபர்ம்வேர் (பயாஸ் போன்ற அடிப்படை நிரல்) கட்டுப்படுத்துகிறது என்பதை அது காட்டும். வெப்பமும் காரணமாகலாம், மின்சாரம் போதாமையும் காரணமாகலாம்.

விளையாடும்போது மட்டும் அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகப்படுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு கணப்பொழுது மிகுதியாக மின்சாரம் இழுக்கும், தளர்ந்த எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காமல் துண்டித்துவிடும். சினிபென்ச் பத்து நிமிடம் தடையின்றி ஓடி, விளையாட்டில் மட்டும் அணைந்தால் இந்தச் சந்தேகம் உறுதிப்படும். நீலத்திரைகள் ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிழையோடு வந்தால், மெம்டெஸ்ட்86 கொண்டு ராமை ஓர் இரவு முழுதும் சோதியுங்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலி வைத்திருப்பவர்கள் இதையும் அறிய வேண்டும். அவற்றில் பலவற்றில் காணப்பட்ட நிலையின்மைக்கு, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தமே காரணம் என்று இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக வரும் திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. விளையாட்டுகள் பாதியில் மூடுவது, நிரல்கள் காரணமின்றிப் பிழை காட்டுவது போன்றவை இதன் அறிகுறிகள். எத்தனை நல்ல குளிர்விப்பானாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பயாஸைப் புதுப்பியுங்கள், தொல்லை தொடர்ந்தால் உத்தரவாதத்தைக் கோருங்கள்.

எல்லாம் சுத்தம், பேஸ்ட் புதிது, விசிறிகள் ஓடுகின்றன. அப்படியும் 100 தொடுகிறதே?

வாட்டைப் பாருங்கள். மதர்போர்டு நிறுவனங்கள் சில, செயலியின் மின் வரம்பைத் தாங்களாகவே தளர்த்தி வைத்திருக்கும். 65 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்ட செயலி 140 வாட் இழுத்துக்கொண்டிருக்கும், அதோடு வந்த சிறிய ஹீட் சிங்க் என்னதான் செய்யும்! பயாஸில் இன்டெலுக்கு நீண்டநேர, குறுகியநேர மின் வரம்புகளையும், ஏ.எம்.டி.க்கு, குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் 'ஈகோ மோட்' எனும் அமைப்பையும் தேடி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். வேகம் சிறிதே குறையும், வெப்பம் கணிசமாகக் குறையும்.

பயாஸைத் தொடத் தயக்கமாக இருந்தால், விண்டோஸின் பவர் அமைப்புகளில் 'செயலியின் அதிகபட்ச நிலை' என்பதை 100லிருந்து 99 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் (அடிப்படை வேகத்துக்கு மேல் செயலி தானாக ஏற்றிக்கொள்ளும் வேகம்) நின்றுவிடும். அதைச் செய்ததும் வெப்பநிலை 20, 30 டிகிரி இறங்கி, அணைவதும் நின்றுவிட்டால், பிரச்சினை வெப்பத்திலோ மின்சாரத்திலோ இருப்பது தெளிவு. பழுது பார்க்க நேரம் கிடைக்கும் வரை இப்படியே ஓட்டவும் செய்யலாம்.

சூட்டினால் செயலி எரிந்துபோகுமா?

இன்று அநேகமாக நடக்காது. 2001இல் வெளியான ஒரு சோதனைக் காணொளியில், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் மேலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. அத்லான் நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்று எல்லாச் செயலிகளிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. வரம்பைத் தொட்டால் வேகம் குறையும், அதற்கும் அடங்காவிட்டால் கணினியே அணையும். ஆனால் அந்தப் பாதுகாப்பை நம்பி மாதக்கணக்கில் உச்சத்திலேயே ஓட்டாதீர்கள். மிகுந்த வெப்பமும் மின்னழுத்தமும் சேர்ந்து சிலிக்கனை மெல்ல முதுமையடையச் செய்யும், பக்கத்தில் இருக்கும் மதர்போர்டு பாகங்களும் அதே சூட்டில்தான் வேகின்றன.

மடிக்கணினிக்கும் இவையெல்லாம் பொருந்துமா?

எண்களைப் படிக்கும் முறை அப்படியே பொருந்தும். பளுவில் 95 டிகிரி தொடுவது மெல்லிய மடிக்கணினிகளில் சாதாரணம். மெத்தையின் மேல் வைத்தால் அடிப்பக்கக் காற்றுத்துளைகள் அடைபடும் என்பதால், சோதனையைக் கெட்டியான மேசையில் வைத்தே செய்யுங்கள். பின்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்து மறுபடி சோதியுங்கள். நல்ல மாற்றம் தெரிந்தால் உள்ளே காற்று இழுப்பதில்தான் சிக்கல். திறக்கும்போது பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அத்துடன் நிறுத்தி, கணினியை மறுபடி மின்னேற்றாமல், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

"சூடாகிறது" என்று மட்டும் சொன்னால் தூசு தட்டி, பேஸ்ட் மாற்றி அனுப்பிவிடுவார். நீங்கள் எழுதிய தாளைக் கொடுங்கள்: அறை 30, சும்மா இருக்கையில் 44, ஐந்தாம் நொடியில் 91, பத்தாம் நொடியில் 100, வாட் 70, நிறுத்திய இரண்டு நொடியில் 58, மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. வேலை முடிந்ததும் அதே சோதனையை உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லி, புதிய எண்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு கணினியை வாங்கி வாருங்கள்.